நிதி குறைந்து மாணவர் பெருகும் காலத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியை நடத்துவது எப்படி

பொருளாதாரம் சரியும் ஆண்டுகளில்தான், எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் இரண்டாண்டுப் பொதுக் கல்லூரிகளான அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் வாசலில் கூட்டம் சேர்கிறது. வேலை இழந்தவர்கள் வேறு தொழில் கற்க வருகிறார்கள். நான்காண்டுப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தைக் கட்ட இயலாத குடும்பங்கள் பிள்ளைகளை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இங்கே அனுப்புகின்றன. பல்கலைக்கழகங்கள் தங்கள் இடங்களைக் குறைத்துக்கொண்டால், அங்கே இடம் கிடைக்காதவர்களும் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். அதே ஆண்டுகளில் மாநில அரசின் வரி வருவாயும் விழுந்துவிடுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதால், அடுத்த மந்தநிலையிலும் சேர்க்கை உயர்வும் நிதிக் குறைப்பும் கைகோத்துத்தான் வரும் என்று எதிர்பார்த்தே கல்லூரி நிர்வாகம் திட்டமிட வேண்டும்.

இதற்குக் கலிபோர்னியாவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1960-ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம் அம்மாநிலத்தின் பள்ளி மாணவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினரைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினரை மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் உரியவராக்கி, கற்றுப் பயன்பெறக்கூடிய மற்ற எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரியின் கதவைத் திறந்து வைத்தது. 2008-09-இல் ஏறத்தாழ 29 இலட்சம் பேர் அங்கே படித்தார்கள். அதன் பிறகு மாநில அரசு 80 கோடி டாலருக்கு மேல் நிதியைக் குறைத்தது. கல்லூரிகள் வகுப்புகளைக் குறைத்தன. 2011-12-இல் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 24 இலட்சமாகச் சுருங்கியது. 2012 இலையுதிர்ப் பருவத்தில் காத்திருப்போர் பட்டியல்களில் மட்டும் 4,70,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இருந்தார்கள்.

இப்படி 29 இலட்சத்திலிருந்து குறைந்துபோன ஐந்து இலட்சம் பேரில் ஒருவருக்குக்கூட 'உமக்கு இடமில்லை' என்று கடிதம் போகவில்லை என்பதை நிர்வாகத்தில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. திறந்த கதவுக் கல்லூரி யாரையும் மறுப்பதில்லை. வேண்டிய வகுப்பில் இடம் இராது, அவ்வளவுதான். ஆகையால் யாரை முதலில் சேர்ப்பது, எந்த வகுப்பைக் காப்பது என்பதை நிர்வாகம் வெளிப்படையாகத் தீர்மானிக்காவிட்டால், பதிவு வரிசை அதைத் தானாகவே தீர்மானித்துவிடும். அந்த வரிசையில் எப்போதும் பின்னால் நிற்பவர்கள் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளே. கீழே சொல்லப்படும் வழிமுறைகள் எல்லாம் அந்தத் தீர்மானத்தை அறிந்தே எடுப்பதற்கானவை.

(1990-களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகள் இந்த அமெரிக்க மாதிரியின் பெயரையும் நோக்கத்தையும் எடுத்துக்கொண்டவை. ஆனால் அவற்றின் அளவும் நிதி அமைப்பும் வேறு என்பதால், இங்குள்ள நிதிக் கணக்குகள் அவற்றுக்கு நேரடியாகப் பொருந்தா. வகுப்பு அட்டவணை பற்றிய பகுதி ஓரளவு பொருந்தலாம்.)

முதலில் பணம் வரும் வழியைப் புரிந்துகொள்ளுங்கள்

வாடிக்கையாளர் பெருகினால் வருமானமும் பெருகும் என்ற வணிகக் கணக்கு இங்கே செல்லாது. கலிபோர்னியாவில் மாணவர் செலுத்தும் சேர்க்கைக் கட்டணத்தில் 2 விழுக்காடு மட்டுமே கூடுதலாகக் கல்லூரி மாவட்டத்தின் (ஒன்றோ பலவோ கல்லூரிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பின்) கையில் நிற்கிறது; மீதித் தொகை மாநிலம் தர வேண்டிய நிதியில் கழித்துக்கொள்ளப்படுகிறது. ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளிக்கு) 20 டாலராக இருந்த கட்டணம் 2009-இல் 26, 2011-இல் 36, 2012 கோடையில் 46 டாலர் என்று ஏறியபோது, மாணவர் கூடுதலாகக் கொடுத்தார், கல்லூரி அநேகமாக எதையும் கூடுதலாகப் பெறவில்லை. இதைப் பெற்றோரிடமும் உள்ளூர்ச் செய்தியாளரிடமும் விளக்கத் தெரியாத கல்லூரித் தலைவர், தாம் எடுக்காத பணத்துக்குப் பழி சுமக்க நேரிடும்.

கல்லூரிக்கு வரும் பணத்தின் பெரும்பகுதி 'முழுநேர மாணவர் அலகு' என்ற கணக்கின்படி வருகிறது. வாரத்துக்கு 15 மணி நேரம் வீதம் 35 வாரங்கள் படிக்கும் ஒருவர், அதாவது 525 மணி நேரம், ஓர் அலகு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மாநிலம் இத்தனை அலகுகளுக்குத்தான் பணம் தரும் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் சேர்க்கப்படும் மாணவருக்கு ஒரு டாலரும் வராது. நிதி குறைக்கப்படும் ஆண்டில் இந்த உச்சவரம்பும் சேர்த்தே இறக்கப்படும். எனவே முதல் வேலை, உங்கள் மாவட்டத்தின் இந்த ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு, அதைத் தாண்டி எவ்வளவு பேரை நிதியின்றிச் சுமக்க முடியும் என்ற இரண்டு எண்களையும் நிர்வாகக் குழுவின் முன் வைப்பது. 'வருகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்வோம்' என்று நல்ல மனத்துடன் உச்சவரம்பை அளவின்றித் தாண்டும் கல்லூரி, அடுத்த ஆண்டு பாதிப் பருவத்தில் வகுப்புகளை ரத்து செய்யும் நிலைக்கு வந்துவிடும்.

2018-இல் வந்த புதிய நிதிச் சூத்திரம் மாநில அளவில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை மாணவர் எண்ணிக்கைக்கும், 20 விழுக்காட்டை வறிய மாணவர் பங்குக்கும், 10 விழுக்காட்டைப் படிப்பை முடிப்போர் எண்ணிக்கைக்கும் பிரித்துத் தருகிறது. பெரும்பாலான பாடங்களின் மாணவர் கணக்கு மூன்றாண்டுச் சராசரியாக எடுக்கப்படுகிறது. நிதிநிலைத் திட்டத்தைத் தயாரிக்கும்போது இந்த மூன்றாண்டுச் சராசரியைத் தனித் தாளில் போட்டுப் பாருங்கள்; இந்த ஆண்டின் வெட்டு அடுத்த இரண்டு ஆண்டு வரவையும் இழுத்துவிடும் அளவு அதில்தான் தெரியும்.

வகுப்பு அட்டவணையே உங்கள் வரவுசெலவுத் திட்டம்

நிர்வாகக் குழு ஜூன் மாதத்தில் நிறைவேற்றும் தடித்த ஆவணத்தைவிட, துறைகளை மேற்பார்க்கும் டீன்கள் ஆறு மாதம் முன்பே தயாரிக்கும் வகுப்பு அட்டவணைதான் கல்லூரியின் செலவை உண்மையில் முடிவு செய்கிறது. ஆகவே நிதிக் குறைப்பு அறிவிக்கப்பட்டதும் ஒவ்வொரு துறையிலும் 10 விழுக்காடு வகுப்புகளை வெட்டுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்புவது மிக எளிதான வழி, மிகக் கெட்ட வழியும்கூட. சமமாக வெட்டுவது நியாயம்போலத் தோன்றும். ஆனால் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் ஒரு பிரிவு போனால் முப்பது பேரின் பட்டமே ஒரு பருவம் தள்ளிப்போகும், பட்டத்துக்குத் தேவையற்ற ஒரு விருப்பப் பாடத்தில் ஒரு பிரிவு போனால் அப்படி எதுவும் நேராது.

அதற்குப் பதிலாகப் பின்னோக்கி வேலை செய்யுங்கள். கல்லூரியில் அதிகம் பேர் படிக்கும் பட்டங்களையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் முடிக்கத் தேவையான பாடங்களை வரிசைப்படுத்தி, இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேருக்கு எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் வேண்டும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மாணவர்களின் கல்வித் திட்டங்கள் கணினியில் இருந்தால் இந்த வேலை சில நாள்களில் முடியும். இல்லாவிட்டால் கடந்த மூன்று ஆண்டுகளின் காத்திருப்போர் பட்டியல்களே போதுமான வழிகாட்டி. இந்தப் பட்டியலில் முதலில் நிற்பவை பெரும்பாலும் முதல்நிலை ஆங்கிலம், புள்ளியியல், ஆய்வகத்தோடு கூடிய ஓர் அறிவியல் பாடம், பேச்சுத்தொடர்பு ஆகியவையாகவே இருக்கும். இவற்றைத் தொடக்கூடாதவை என்று எழுத்தில் அறிவித்துவிட்டு, மற்றவற்றில் வெட்டத் தொடங்குங்கள்.

அடுத்தது இடம் நிரம்பும் அளவு. வாரத்துக்கு மூன்று மணி நேரம் நடக்கும் ஒரு பாடத்தில் 35 பேர் இருந்தால், ஒரு பருவத்துக்கு 3.5 அலகு கிடைக்கும். 31 பேர் இருந்தால் 3.1. நூறு பிரிவுகள் 35 பேரோடு நடந்தால் 350 அலகு. அதே 350-ஐ 31 பேரோடு எட்டுவதற்கு 113 பிரிவுகள் வேண்டும். இடையிலுள்ள 13 பிரிவுகளின் ஆசிரியர் ஊதியம், ஒரு பயிற்சி மையத்தை மூடாமல் வைத்திருக்கவோ மாலை நேர வகுப்புகள் சிலவற்றைக் காப்பாற்றவோ போதுமானது.

இந்த நான்கு பேர் எங்கே போகிறார்கள் என்று கவனித்தால் வேலை இன்னும் தெளிவாகும். பருவத்தின் ஐந்தில் ஒரு பங்கு கழியும் இடத்தில் வரும் கணக்கெடுப்பு நாளில் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் பணம். முதல் நாளன்று நாற்பது பெயர்கள் இருக்கும். ஐந்து பேர் வகுப்புக்கே வந்திருக்க மாட்டார்கள், மேலும் நான்கு பேர் இரண்டாம் வாரத்தில் நின்றுவிடுவார்கள். இதற்கிடையே கதவருகே நின்றபடி கேட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர், வகுப்பில் சேர அனுமதிக்கும் சேர்க்கை எண்ணை ஆசிரியர் தருவாரா மாட்டாரா என்று தெரியாமல் முதல் வாரத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். வராதவர்களின் பெயரை முதல் கூட்டத்தின் முடிவிலேயே நீக்குவதும், காத்திருப்போர் பட்டியலின் வரிசைப்படி அன்றே சேர்க்கை எண் கொடுப்பதும் எல்லா ஆசிரியரும் கடைப்பிடிக்கும் ஒரே நடைமுறையாக வேண்டும். செலவில்லாத சீர்திருத்தம் என்று ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். ஆயினும் இது ஆசிரியர் பேரவையோடு பேசி ஒப்புக்கொள்ளப்பட்டாலன்றி நடைமுறைக்கு வராது.

நேரமும் ஒரு வளம். செவ்வாய், வியாழன் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை எல்லா அறைகளும் நிரம்பி வழிவதும், வெள்ளிக்கிழமை பிற்பகலில் வளாகம் வெறிச்சோடிக் கிடப்பதும் பெரும்பாலான கல்லூரிகளில் காணும் காட்சி. ஒரே பட்டத்துக்குத் தேவையான நுண்கணிதமும் வேதியியல் ஆய்வகமும் ஒரே நேரத்தில் வைக்கப்பட்டிருந்தால், இரண்டிலும் இடம் இருந்தும் மாணவரால் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அட்டவணை அச்சாகும் முன்பு, துறைகள் தனித்தனியாகச் செய்த பட்டியல்களை ஒரே மேசையில் விரித்து வைத்து இத்தகைய மோதல்களைத் தேடுவதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

வகுப்பை நிரப்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. கட்டுரைப் பாட ஆசிரியர் ஒவ்வொரு தாளையும் படித்துத் திருத்த வேண்டியவர். அங்கே இருபத்தைந்து பேரை நாற்பதாக்கினால் திருத்தம் நின்றுபோய் மதிப்பெண் மட்டும் மிஞ்சும். வெல்டிங் பட்டறையில் எத்தனை இயந்திரமோ அத்தனை பேர்தான். செவிலியர் படிப்பில் மருத்துவமனைப் பயிற்சிக்கு உள்ள கட்டுப்பாடுகளால் அது எப்போதும் செலவு மிக்க படிப்பாகவே இருக்கும். எண்ணிக்கைக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அதை வெட்டச் சொல்பவர், அந்த ஊரின் மருத்துவமனைக்கு ஆள் எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். உளவியல், வரலாறு போன்ற பெரிய விரிவுரை வகுப்புகள் தரும் மிச்சம்தான் இவற்றைத் தாங்குகிறது.

கோடைப் பருவத்தை முழுவதும் ரத்து செய்வது பல கல்லூரிகள் அந்த ஆண்டுகளில் கையாண்ட வழி. நிதியாண்டு தொடங்கும் ஜூலை முதல் நாளைத் தாண்டி நடக்கும் கோடை வகுப்புகளின் அலகுகளை முந்தைய நிதியாண்டிலோ அடுத்ததிலோ காட்டலாம் என்பதால், கணக்கை நேர்செய்ய அதைப் பயன்படுத்தும் பழக்கமும் உண்டு. ஒரு முறை செய்தால் அடுத்த ஆண்டிடமிருந்து கடன் வாங்குகிறோம் என்பதைக் குழுவின் குறிப்பேட்டிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

வரிசையில் யார் முன்னால்

2014-க்கு முன்பு பெரும்பாலான கல்லூரிகளில், அதிகக் கிரெடிட் சேர்த்தவர்கள் முதலில் பதிவு செய்தார்கள். பள்ளியை முடித்துவிட்டுப் புதிதாக வருபவர்கள் கடைசியில் வந்தார்கள். பட்டத்துக்கு 60 கிரெடிட் போதும் என்ற இடத்தில் நூறைத் தாண்டியும் படித்துக்கொண்டிருந்தவருக்கு முதல் இடமும், முதல் ஆங்கிலப் பாடத்தைத் தேடி வந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் காத்திருப்போர் பட்டியலும் கிடைத்தன. 2012-இல் சமுதாயக் கல்லூரிகளை மேற்பார்க்கும் மாநில வாரியம் இந்த முறையை மாற்றியது. 2014 இலையுதிர்ப் பருவம் முதல், அறிமுக வகுப்பையும் மதிப்பீட்டையும் கல்வித் திட்டத்தையும் முடித்த புதியவர்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. அடிப்படைத் திறன் பாடங்கள் நீங்கலாக நூறு கிரெடிட்டைத் தாண்டியவர்களும், தொடர்ந்து இரண்டு பருவம் பின்தங்கியவர்களும் அதை இழந்தார்கள்.

உங்கள் கல்லூரியில் இதைச் செய்யும்போது இரண்டு செயல்கள் முந்தி நடக்க வேண்டும். முன்னுரிமையை இழக்கப்போகிறவருக்கு ஒரு பருவம் முன்பே எச்சரிக்கை அனுப்ப வேண்டும். மேல்முறையீட்டுக்கு ஒரு எளிய படிவம் இருக்க வேண்டும், ஏனென்றால் நூறைத் தாண்டியவர்களில் தொழிற்சாலை மூடியதால் இரண்டாம் தொழில் கற்க வந்தவர்களும் இருப்பார்கள். ஒரே ஓவிய வகுப்பையோ நீச்சல் வகுப்பையோ ஆண்டுதோறும் திரும்ப எடுக்கும் முதியவர்களின் குறை உண்மையானது, அவர்கள் உள்ளூரில் வாக்களிக்கவும் செய்கிறார்கள். அத்தகைய வகுப்புகளைத் தன் செலவைத் தானே ஈடுகட்டும் கட்டணச் சமுதாயக் கல்விப் பிரிவுக்கு மாற்றி, ஆசிரியரையும் நேரத்தையும் மாற்றாமல் வைத்தால் எதிர்ப்பு பெரிதும் தணியும்.

தேவையற்ற பாடங்களைக் குறைப்பதும் இடத்தை உண்டாக்கும் வழிதான். நுழைவு மதிப்பீட்டின் அடிப்படையில் மாணவர்களை மூன்று நான்கு பருவ அடிப்படைக் கணிதத் தொடருக்கு அனுப்பும் பழைய முறையை 2017-இல் இயற்றப்பட்ட சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது; 2019 முதல் பெரும்பாலோர் நேரடியாகப் பல்கலைக்கழகத் தரப் பாடத்திலேயே சேர்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 60 கிரெடிட்டோடு மாறிச் செல்ல வழி செய்த 2010-ஆம் ஆண்டின் மாற்றல் பட்டமும் அப்படியே. ஒருவர் ஒரு பருவம் முன்னதாக முடித்தால் அவர் இருந்த இருக்கை அடுத்தவருக்குக் கிடைக்கிறது.

ஆட்களைக் குறைக்கும்போது

பகுதிநேர ஆசிரியரின் வகுப்பை ரத்து செய்ய ஒரு மின்னஞ்சல் போதும் என்பதால் வெட்டு முதலில் அவர்கள்மேல் விழுகிறது. நிரந்தர ஆசிரியரை விலக்க வேண்டுமானால் மார்ச் 15-க்குள் முறையான அறிவிப்புத் தர வேண்டும். ஜனவரியில் ஆளுநர் வெளியிடும் நிதித் திட்டத்துக்கும் அந்தத் தேதிக்கும் இடையே இருப்பது இரண்டு மாதம்தான். அதற்குள் முடிவெடுக்க முடியாமல், எச்சரிக்கையாக நூறு பேருக்கு அறிவிப்பு அனுப்பிப் பிறகு தொண்ணூறைத் திரும்பப் பெறும் வழக்கத்தைத் தவிருங்கள். நல்ல ஆசிரியர்கள் அந்த இடைவெளியில்தான் வேறு இடம் தேடிக்கொள்வார்கள்.

ஆள் சேர்ப்பை முழுதாக நிறுத்திவைப்பதும் ஒரு மறைமுகமான வெட்டே. யார் ஓய்வு பெறுகிறார்களோ அந்த இடம் காலியாகிறது. அது தேவையற்ற இடமா என்று யாரும் கேட்பதில்லை. வேதியியல் ஆய்வகத்தின் தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர் ஓய்வு பெற்று அவரது இடம் நிரப்பப்படாவிட்டால், கரைசல்களைத் தயாரிக்க ஆளில்லாமல் நான்கு ஆய்வகப் பிரிவுகள் நிற்கும். ஒரு சம்பளத்தை மிச்சப்படுத்தி நான்கு வகுப்புகளின் வரவை இழப்போம். காலியாகும் ஒவ்வொரு இடத்தையும் மாதந்தோறும் ஒரு சிறு குழு பார்த்து, அது நின்றால் எந்தச் சேவை நிற்கும் என்று எழுதிய பிறகே முடிவு செய்ய வேண்டும்.

ஆலோசகர்கள் விஷயத்தில் சட்டமே சற்று இடைஞ்சலாக இருக்கிறது. 1961-இலிருந்து உள்ள 50 விழுக்காடு விதி, கல்விச் செலவில் பாதியாவது வகுப்பறை ஆசிரியர் ஊதியத்துக்குப் போக வேண்டும் என்கிறது. ஆலோசகரும் நூலகரும் அந்தக் கணக்கில் மறுபாதியில் வைக்கப்படுகிறார்கள். வகுப்புகளை வெட்டினால் விகிதம் கெடும், ஆலோசகரை வெட்டினால் விகிதம் சரியாகும் என்பதால், நெருக்கடியில் கை தானாகவே ஆலோசகர் பக்கம் போகும். 2009-10-இல் மாநிலமே மாணவர் வழிகாட்டலுக்கான தனி நிதியை ஏறத்தாழப் பாதியாக்கியது. மேலே சொன்ன முன்னுரிமைத் திட்டம் ஒவ்வொருவரும் கல்வித் திட்டம் வைத்திருப்பதை நம்பி நிற்கிறது. அதைப் போட்டுத்தர ஆளில்லாமல் திட்டத்தை அறிவிப்பது ஏமாற்று வேலை. தனித்தனியாக அரை மணி நேரம் பார்க்க முடியாத இடத்தில், ஒரே பட்டத்தைத் தேடும் இருபது பேரை ஒரு கணினி அறையில் அமர்த்தி ஒன்றாகத் திட்டம் போடலாம்.

கையிருப்பும் கைக்காசும்

வரவுசெலவு சமமாக இருந்தும் சம்பள நாளில் பணம் இல்லாமல் போகலாம். மந்தநிலை ஆண்டுகளில் மாநிலம் கல்லூரிகளுக்குரிய பணத்தைக் குறைத்ததோடு, தர வேண்டியதையும் அடுத்த நிதியாண்டுக்கு ஒத்திவைத்தது. 2011-12-இல் ஒத்திவைத்த தொகை 90 கோடி டாலரைத் தாண்டியது. கல்லூரிகள் குறுகிய காலக் கடன் பத்திரங்கள் வெளியிட்டு வட்டி கட்டின. ஆகவே மாதவாரியாகப் பணவரத்துத் தாள் ஒன்றைப் பராமரிக்க வேண்டும். சொத்து வரி டிசம்பரிலும் ஏப்ரலிலும்தான் பெருமளவில் வரும் என்பதால், அக்டோபர், நவம்பர் மாதங்களே இறுக்கமானவை. செலவில் 5 விழுக்காடு கையிருப்பு என்பது மாநில அலுவலகம் நெடுங்காலம் வைத்திருந்த குறைந்தபட்ச அளவு. அது மூன்று வாரச் செலவுக்குக்கூடக் காணாது. இரண்டு மாதச் செலவை இலக்காக வைப்பதே பாதுகாப்பு.

ஒரு முறை வரும் பணத்தில் நிரந்தரச் செலவைத் தொடங்கக் கூடாது. 2009-இன் கூட்டாட்சி ஊக்க நிதியும், பெருந்தொற்றுக் கால நிவாரண நிதியும் அப்படி வந்தவை. கருவிகள், கூரைப் பழுது, கணினி அமைப்பு மாற்றம் ஆகியவற்றுக்குத்தான் அவை உரியவை.

இந்த ஒழுங்கு தளர்ந்தால் விளைவு கடுமையாக இருக்கும். சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி வெட்டுக் காலத்தில் வகுப்புகளையும் ஆட்களையும் இயன்றவரை காத்தது. அந்த நோக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மெலிந்த கையிருப்பையும் நிர்வாகக் குறைகளையும் சுட்டிக்காட்டித் தர அங்கீகாரக் குழு 2012-இல் எச்சரித்து, 2013-இல் அங்கீகாரத்தை ரத்து செய்வதாக அறிவித்தது. அம்முடிவு நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகி, 2017 ஜனவரியில் அங்கீகாரம் உறுதியானது என்றாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் மாணவர்கள் பெருமளவில் விலகிச் சென்றார்கள்.

கூடுதல் கட்டண வகுப்பு என்னும் ஆசை

சாண்டா மோனிகாக் கல்லூரி 2012-இல், நிரம்பிவிட்ட பாடங்களுக்குக் கூடுதல் பிரிவுகளை வழக்கமான கட்டணத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விலையில் நடத்தத் திட்டமிட்டது. ஏப்ரல் 3 அன்று நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குள் நுழைய முயன்ற மாணவர்கள்மேல் வளாகக் காவலர் மிளகுத் திரவம் தெளித்தார். சில நாள்களில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மாநிலம் ஆறு கல்லூரிகளுக்கு இத்தகைய சோதனையை அனுமதித்தும், லாங் பீச் நகரக் கல்லூரி ஒன்றே முன்வந்தது. கணக்கில் நியாயமாகத் தெரியும் இந்தத் திட்டம், பணம் உள்ளவரை வரிசையில் முன்னால் விடுகிறது என்பதால், திறந்த கதவுக் கல்லூரியில் இதற்கு ஆதரவு திரட்டுவது கடினம். நேரத்தை வேறு வழியில் செலவிடுங்கள்.

பணம் திரும்பும் ஆண்டு

2012 நவம்பரில் விற்பனை வரியையும் உயர் வருமான வரியையும் உயர்த்திய முப்பதாம் முன்மொழிவை வாக்காளர்கள் ஏற்றதும் வெட்டு நின்றது. அதற்குள் வேலைவாய்ப்பும் மெல்லத் திரும்பியதால், புதிய பிரிவுகளைத் திறந்த பல கல்லூரிகள் அவற்றை நிரப்பத் திணறின. இடம் கிடைக்காமல் போனவரை இரண்டு ஆண்டு கழித்துத் தேடுவதற்கு, அவர் பெயர் நம்மிடம் இருக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல்கள் பருவ முடிவில் அழிக்கப்படாமல் சேமிக்கப்பட்டிருந்தால், முதல் மின்னஞ்சலை அவர்களுக்கே அனுப்பலாம். திருப்பித் தரும் வகுப்புகளில் மாலை நேர முதல்நிலை ஆங்கிலமும் புள்ளியியலும் முதலில் வரட்டும். கோடைப் பருவம் அடுத்து. வகுப்பு இழந்த பகுதிநேர ஆசிரியர்களில் பலர் அதற்குள் வேறு மாவட்டத்துக்குப் போயிருப்பார்கள். அவர்களுடைய பெயர், பாடம், வரக்கூடிய நேரம் ஆகியவற்றை வகுப்பு ரத்தான வாரத்திலேயே துறைவாரியாகக் குறித்து வைத்து, அட்டவணை இறுதியாவதற்கு முன்பே அவர்களை அழையுங்கள்.